சிறுநீரகத்தைத் துருப்பிடிக்க வைக்கும் பிராணவாயு

வாழைப்பூவை ஆய்ந்து நறுக்குகிறவர்கள், பக்கத்திலேயே ஒரு பாத்திரத்தில் மோர் கலந்த தண்ணீரை வைத்துக் கொள்வது வழக்கம். நறுக்க நறுக்க அதில் போட்டு விடுவார்கள். மறந்து போய் வெளியிலேயே வைத்து விட்டால், சற்று நேரத்துக்கெல்லாம் அத்தனையும் கறுத்து விடும். கத்திரிக்காய்க்கும் வாழைக்காய்க்கும் இதே கதிதான். இப்படிக் கறுக்க வைப்பது எது? நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் பிராணவாயு! ஜன்னல் கம்பியில் துரு ஏற்றுவதும் அதுவே. நாள்பட்ட எண்ணெயைக் காறல் வாடை அடிக்கச் செய்வதும் அதுவே.

இந்தப் பிராணவாயு இல்லாமல் மனிதன் சில நிமிஷங்களுக்கு மேல் உயிரோடு இருக்க முடியாது. ஆனால், காயைக் கறுக்க வைத்து இரும்பைத் தின்று தீர்க்கும் வாயு, உடம்புக்குள் போனதும் பரம சாதுவாக மாறி விடுமா? மாறுவதில்லை. அங்கேயும் அது தன் குணத்தைக் காட்டத்தான் செய்கிறது. அதனால் அதிகமாக அடிபடும் உறுப்புக்களில் ஒன்று சிறுநீரகம். ஒரு தடவை பழுதுபட்ட சிறுநீரகம், பழுதுக்குக் காரணமாயிருந்த வியாதியை ஓரளவு அடக்கிய பிறகும், ஏன் வருஷத்துக்கு வருஷம் மேலும் மேலும் கெட்டுக் கொண்டே போகிறது? வைத்திய நிபுணர்களை நெடுங்காலமாகக் குழப்பி வந்த கேள்வி இது. இதற்குக் கிடைத்துள்ள விடைகளில் முக்கியமான ஒன்று, இந்தப் பிராணவாயுவின் விஷமம்.

இது யாரோ நாலு பேரைப் பற்றிய விஷயம் அல்ல. உலகத்தில் 85 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு விதமான சிறுநீரக நோய் இருப்பதாக 2019-ம் ஆண்டில் வெளியான ஒரு கணக்குச் சொல்கிறது. நீடித்த சிறுநீரக நோய்க்கு முதல் காரணம் சர்க்கரை வியாதி. அடுத்தது ரத்தக் கொதிப்பு. இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் மட்டுமே 10 கோடிக்கு மேல் என்று 2023-ம் ஆண்டில் வெளியான தேசிய ஆய்வு தெரிவித்தது.

ஓயாத ஆலை

சிறுநீரகங்கள் இரண்டும் முதுகுப் புறத்தில், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, முதுகெலும்பின் இரு பக்கங்களிலும் அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் மூடிய கை அளவுதான். எடை சுமார் 150 கிராம். உடம்பின் மொத்த எடையில் இருநூறில் ஒரு பங்கு தேறினால் அதிகம். ஆயினும், இருதயம் நிமிஷத்துக்கு வெளியேற்றும் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சின்னஞ்சிறு உறுப்புக்களுக்கே போகிறது. எடையைப் பார்த்துப் படியளப்பதில்லை உடம்பு!

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. இவை யாவும் சேர்ந்து நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. குடத்தால் அளந்தால் பன்னிரண்டு குடத்துக்குக் குறையாது. இவ்வளவும் வெளியே போய் விட்டால் மனிதன் பொழுது சாய்வதற்குள் வற்றலாகி விடுவான். ஆனால் வெளியே போவது ஒன்றரை லிட்டர் மட்டுமே. மீதித் தண்ணீரையும், அதில் கரைந்திருக்கும் உப்பையும் சர்க்கரையையும், வடிகட்டியை அடுத்துள்ள மெல்லிய குழாய்கள் திரும்ப இழுத்து ரத்தத்தில் சேர்த்து விடுகின்றன.

வடிகட்டுவதற்குத் தனியாகப் பாடுபட வேண்டியதில்லை; இருதயம் தள்ளுகிற வேகமே போதும். திரும்ப இழுப்பதற்குத்தான் உழைப்பு வேண்டும். உழைப்புக்கு எரிபொருள் வேண்டும். எரிபொருளை எரிக்கப் பிராணவாயு வேண்டும். இந்த எரிப்பு நடைபெறும் இடம், ஜீவ அணுக்களுக்குள்ளே இருக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய அடுப்புகள். இவ்வகை அடுப்புகள் நெருக்கமாக அமைந்த உறுப்புக்களில், இருதயத்துக்கு அடுத்த ஸ்தானம் சிறுநீரகத்துக்குத்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இவ்வளவு ரத்தம் பாய்ந்தும், சிறுநீரகத்தின் உட்பகுதி எப்போதுமே மூச்சுத் திணறிய நிலையில்தான் இருக்கிறது. வெளிப் பகுதியில் பிராணவாயுவின் அழுத்தம் சுமார் 50 மில்லி மீட்டர் என்றால், உட்பகுதியில் 10 முதல் 20 வரைதான். வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் புரண்டு ஓடும். கடைமடை வயலில் மண் வெடித்துக் கிடக்கும். அந்த நிலைமைதான் இங்கே. பஞ்சம் வந்தால் முதலில் வாடுவது கடைமடைப் பயிர் அல்லவா? சிறுநீரகத்தில் நோய் வந்தாலும் அப்படியே.

ஜோடி இழந்த எலெக்ட்ரான்

அடுப்பு என்று இருந்தால் தீப்பொறி பறக்கத்தான் செய்யும். மைட்டோகாண்டிரியாவிலும் பறக்கிறது. அங்கே எரியும் பிராணவாயுவில் பெரும் பகுதி ஒழுங்காகத் தண்ணீராக மாறி விடுகிறது. மிகச் சிறிய ஒரு பகுதி மட்டும் பாதி வழியில் தப்பி, ஒரு எலெக்ட்ரானைக் கூடுதலாகத் தூக்கிக் கொண்டு ஓடி வந்து விடுகிறது. எலெக்ட்ரான்களின் சுபாவம் ஜோடி ஜோடியாக இருப்பது. தனியாக ஒன்று நின்று விட்டால், அதைச் சுமந்து நிற்கும் மூலக்கூறு சும்மா இருப்பதில்லை. எதிர்ப்பட்ட கொழுப்பிலோ, புரதத்திலோ, பரம்பரைக் குணங்களைத் தாங்கும் டி.என்.ஏ.யிலோ கைவைத்து, அங்கே உள்ள ஜோடியைப் பிரித்து விடுகிறது. பிரிக்கப்பட்டது அடுத்ததைப் பிரிக்கிறது. இப்படிச் சங்கிலித் தொடராக நாசம் பரவுகிறது. இந்தத் தனிக்கட்டைகளுக்கு "ஃப்ரீ ராடிகல்" என்று பெயர்.

இப்படி ஒன்று இருக்க முடியும் என்று 1900-ம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த மோசஸ் கோம்பெர்க் காட்டியபோது, ரசாயன நிபுணர்கள் பலர் நம்பவில்லை. அது உடம்புக்குள்ளும் உண்டாகும் என்று எண்ணியவர்கள் அப்போது யாரும் இல்லை. 1954-ம் ஆண்டில் ரெபேக்கா கெர்ஷ்மன் என்ற அர்ஜென்டினப் பெண் விஞ்ஞானியும் அவரது சகாக்களும், அளவுக்கு மிஞ்சிய பிராணவாயு உடம்பைக் கெடுப்பதும், எக்ஸ்-ரே கதிர்கள் கெடுப்பதும் ஒரே வழியில்தான், இந்தத் தனிக்கட்டைகளால்தான் என்று எடுத்துக் கூறினார்கள். இரண்டு வருஷம் கழித்து டென்ஹம் ஹார்மன் என்ற அமெரிக்கர், மனிதனுக்கு மூப்பு வருவதே இதனால்தான் என்று ஒரு போடு போட்டார். அது மிகையோ, உண்மையோ! 1969-ம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையில் ஜோ மக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும், இவற்றை அடக்குவதற்கென்றே உடம்பு ஒரு என்ஸைமைத் தயாரித்து வைத்திருப்பதைக் கண்டார்கள். பூட்டு இருக்கிறது என்றால் திருடன் இருக்கிறான் என்றுதானே பொருள்? அதற்குப் பிறகு சந்தேகப்படுவோர் குறைந்தார்கள்.

திருடன் என்று முழுக்கத் தள்ளி விடவும் முடியாது. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கு இந்தத் தனிக்கட்டைகளைத்தான் ஆயுதமாக வீசுகின்றன. ஜீவ அணுக்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லவும் சிறு அளவில் இவை பயன்படுகின்றன. ஆகவே, தீப்பொறி பறப்பது நோய் அல்ல. பறக்கும் பொறியும் அணைக்கும் தண்ணீரும் சமமாக இருக்கும் வரையில் ஆபத்து இல்லை. பொறி கூடி, தண்ணீர் குறைந்து, தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்து விட்டால், அந்த நிலைக்கு "ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்" என்று பெயர். 1985-ம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்முட் சீஸ் இதற்கு இலக்கணம் வகுத்தார். உடம்பில் துரு ஏறுவது என்று வைத்துக் கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும்.

நோயை வளர்க்கும் நோய்

சர்க்கரை வியாதிக்காரரின் சிறுநீரகத்தை எடுத்துக் கொள்வோம். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், அடுப்பில் அளவுக்கு மீறி விறகைத் திணித்தது போல் ஆகிறது. பொறி கூடுதலாகப் பறக்கிறது. சர்க்கரை வியாதியினால் கண்ணுக்கும் நரம்புக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் கேடுகள் வெவ்வேறாகத் தோன்றினாலும், மைட்டோகாண்டிரியாவில் எழும் இந்தப் பொறிகளே பொது மூலம் என்று மைக்கேல் பிரௌன்லீ என்ற அமெரிக்க டாக்டர் 2001-ம் ஆண்டில் எழுதினார்.

ரத்தக் கொதிப்பு வேறு வழியில் வந்து அதே இடத்தில் சேருகிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் உடம்பில் ஊறுகிறது. சுருக்குவதோடு அது நிற்பதில்லை. தனிக்கட்டைகளை வேண்டுமென்றே உற்பத்தி செய்யும் ஒரு என்ஸைமையும் தட்டி எழுப்பி விடுகிறது. அந்த என்ஸைமில் ஒரு வகை சிறுநீரகத்தில் மிகுதியாக இருப்பது 2000-ம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது.

உண்டான தனிக்கட்டைகள் முதலில் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற நல்ல பொருளை அழிக்கின்றன. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி வைப்பது அதுதான். அது போனால் குழாய்கள் மேலும் இறுகும். கொதிப்பு மேலும் ஏறும். அடுத்தபடி வடிகட்டியின் சல்லடையைத் தாங்கி நிற்கும் மென்மையான ஜீவ அணுக்கள் உதிர்கின்றன. சல்லடையில் ஓட்டை விழுந்ததும், ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரோடு கசிகிறது. கசிந்த புரதம் குழாய்களின் சுவரைப் புண்ணாக்குகிறது. புண் ஆறுகிற இடத்தில் வடு விழுகிறது. வடு விழுந்த இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அற்றுப் போகின்றன. ஏற்கெனவே மூச்சுத் திணறிக் கொண்டிருந்த கடைமடைக்குப் பிராணவாயு இன்னும் குறைகிறது. பிராணவாயு குறைந்தால் பொறியும் குறைய வேண்டும் என்றுதானே தோன்றும்? நடப்பது தலைகீழ்! காற்றோட்டம் இல்லாத அடுப்பு புகைகிற மாதிரி, திணறுகிற மைட்டோகாண்டிரியா முன்னிலும் அதிகத் தனிக்கட்டைகளைக் கக்குகிறது.

பாழாய்ப் போன வடிகட்டிகளின் வேலையை மீதி இருப்பவை தலைமேல் போட்டுக் கொள்கின்றன. பத்துப் பேர் இழுத்த தேரை ஆறு பேர் இழுப்பது போல. அவைகளுக்கும் மூச்சு வாங்குகிறது; அவைகளிலும் பொறி பறக்கிறது.

அணைக்கும் தண்ணீரின் நிலை என்ன? அது இதைவிடப் பரிதாபம். ரத்தத்தில் ஓடித் துருவைத் தடுக்கும் முக்கியமான என்ஸைம் ஒன்று, குளூடதையோன் பெராக்ஸிடேஸ். அது பெரும்பாலும் சிறுநீரகத்திலேயே தயாராகி ரத்தத்தில் கலக்கிறது. ஊருக்கெல்லாம் காவல்காரர்களை அனுப்பும் வீடே இடிந்து விட்டால், அந்த வீட்டோடு ஊரும் காவலை இழக்கிறது. நோய் முற்றினால் ரத்த சோகை வருகிறது. துருவைத் தடுக்கும் சரக்குகளைத் தாங்கிய சிவப்பு அணுக்கள் அதனால் குறைகின்றன. போதாக்குறைக்குப் பத்தியம் வேறு! பொட்டாசியம் என்ற உப்பை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குச் சக்தி இல்லாததால், இளநீரும் வாழைப்பழமும் ஆரஞ்சும் கீரையும் கூடாது, அல்லது அளவோடுதான் என்று டாக்டர் தடை விதிக்கிறார். தடை நியாயமானதே, பொட்டாசியம் மிஞ்சினால் இருதயம் நின்று விடும். ஆனால், துருவுக்கு எதிரான இயற்கைப் பொருள்களும் அந்தப் பழங்களோடு தட்டை விட்டுப் போய் விடுகின்றன.

இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிஸிஸ் சிகிச்சையும் இதற்கு விலக்கு அல்ல. இரண்டாவது உலக யுத்த காலத்தில், ஹாலந்து தேசத்தில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர், இறைச்சி அடைப்பதற்கு உபயோகித்த செல்லோஃபேன் குழாயை மர உருளையில் சுற்றி இந்த இயந்திரத்தை உருவாக்கினார். அன்றிலிருந்து எத்தனையோ லட்சம் உயிர்களை இது காப்பாற்றி இருக்கிறது. எனினும், ரத்தம் அன்னியப் பொருளைத் தொட்டவுடன், கிருமி வந்து விட்டதாக எண்ணி வெள்ளை அணுக்கள் தங்கள் ஆயுதத்தை வீசத் தொடங்குகின்றன. புதிய சவ்வுகளில் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறதே தவிர, அறவே நீங்கவில்லை. அழுக்கோடு சேர்ந்து வைட்டமின் "சி"யும் வெளியேறுகிறது. பாரிஸ் நகரத்து நெக்கர் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், டயாலிஸிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் துரு ஏறிய புரதங்கள் குவிந்து கிடப்பதை 1996-ம் ஆண்டில் அளந்து காட்டினார்கள்.

சிறுநீரக நோயாளிகளில் பலர் கடைசியில் இறப்பது சிறுநீரகம் நின்று போனதால் அல்ல, இருதய நோயினால்தான். கொலஸ்டிரால் முதலிய வழக்கமான காரணங்கள் மட்டும் இதை விளக்கப் போதவில்லை. 2002-ம் ஆண்டில் ஜொனாதன் ஹிம்மல்ஃபார்ப் என்ற அமெரிக்க டாக்டரும் அவரது சகாக்களும், சிறுநீரகத்தையும் இருதயத்தையும் இணைக்கும் மறைவான சங்கிலி இந்தத் துருதான் என்று ஒரு கட்டுரையில் வாதித்தார்கள். கட்டுரையின் தலைப்பில் அதற்கு அவர்கள் வைத்த பெயர், யானை!

மாத்திரை போட்டால் போகாதா?

இவ்வளவையும் கேட்ட ஒருவர், "அப்படியானால் துருவை நீக்க மாத்திரை போட்டுக் கொண்டால் தீர்ந்தது. இதற்கு என்ன பிரமாதம்?" என்று கேட்கலாம். டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அங்கேதான் கதை திரும்புகிறது.

முதலில் வைட்டமின் "இ". 2000-ம் ஆண்டில் இஸ்ரேலில், இருதய நோயும் உள்ள 196 டயாலிஸிஸ் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த வைட்டமினைத் தினமும் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு மாரடைப்பு முதலிய கேடுகள் வந்தன. வைட்டமின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 16 பேருக்குத்தான். எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் பல்லாயிரம் பேரை வைத்து நடந்த வேறொரு பெரிய சோதனையில், இருதய நோயோ சர்க்கரை வியாதியோ உள்ளவர்களுக்கு அதே வைட்டமினால் லாபம் ஒன்றும் தெரியவில்லை. 2005-ம் ஆண்டில் கணக்கை முடித்துப் பார்த்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடையே இருதயம் தளர்ந்து போவது சற்று அதிகமாகவே இருந்தது.

அடுத்தது அசிடைல் சிஸ்டைன். ரத்தக் குழாய்களைப் படம் எடுப்பதற்காகச் செலுத்தும் மருந்து, பலவீனமான சிறுநீரகத்தைத் தாக்குவது உண்டு. இந்த அசிடைல் சிஸ்டைனை முன்கூட்டிக் கொடுத்தால் அந்தத் தாக்குதல் வெகுவாகக் குறைகிறது என்று 2000-ம் ஆண்டில், 83 நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்த ஒரு ஜெர்மன் ஆராய்ச்சி சொல்லிற்று. உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் அது வழக்கமாகவே ஆகி விட்டது. பதினெட்டு வருஷம் கழித்து, சுமார் 5,000 பேரை வைத்து நடந்த பெரிய சோதனையில், மருந்துக்கும் வெறும் மாத்திரைக்கும் வித்தியாசமே இல்லை என்று தெரிந்தது. சிறிய சோதனையை நம்பி அவசரப்படுவதன் பலன்!

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்றம் பார்டாக்ஸோலோன் என்ற மருந்து. வைட்டமின்களைப் போல அது வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றுவதில்லை. ஜீவ அணுக்களுக்குள் துரு எதிர்ப்பு என்ஸைம்களையெல்லாம் ஒரே சமயத்தில் தட்டி எழுப்பும் விசையையே திருப்பி விடுகிறது. 2011-ம் ஆண்டில், 227 சர்க்கரை வியாதிக்காரர்களிடம் சோதித்ததில், சிறுநீரகத்தின் வடிகட்டும் சக்தி குறையாமல் நின்றது மட்டுமல்ல, கூடவே செய்தது! சிறுநீரக வைத்தியத்தில் அதுவரை யாரும் எளிதில் கண்டிராத காட்சி. உடனே 2,185 நோயாளிகளை வைத்துப் பெரிய சோதனை தொடங்கினார்கள். அந்தச் சோதனை 2012-ம் ஆண்டு அக்டோபரில் அவசரமாக நிறுத்தப்பட்டது. மருந்து சாப்பிட்டவர்களில் 96 பேர் இருதயத் தளர்ச்சியால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 55 பேர். உயிரைக் காக்க வந்த மருந்தின் கணக்கில் நாற்பத்தொரு பேர் கூடுதல்.

எதிர்ப்புறத்திலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு. இரும்புச் சத்து தனிக்கட்டைகளைப் பெருக்கும் என்பது 1894-ம் ஆண்டிலேயே ஃபென்டன் என்ற ஆங்கிலேயர் கண்ட ரசாயன உண்மையிலிருந்து தெரிந்தது. ஆகவே, ரத்த சோகைக்காக டயாலிஸிஸ் நோயாளிகளுக்கு இரும்பு ஊசி தாராளமாகப் போடப் பலர் பயந்தார்கள். பிரிட்டனில் 2,141 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2019-ம் ஆண்டில் வந்தது. குறைவாகப் போட்டவர்களைவிட, முன்கூட்டியே அதிகமாகப் போட்டவர்கள்தான் நன்றாக இருந்தார்கள்! சோதனைக் குழாயில் நடப்பது வேறு, மனித உடம்பில் நடப்பது வேறு.

பத்தியத்தையும் பக்குவத்தையும் அண்டை வீட்டார் சொல்லக் கேட்டு நடப்பவர்களுக்குக் கேரளத்தில் நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே "இரும்பன் புளி" என்று வழங்கும் பிலிம்பிக்காய் நல்ல புளிப்பு; மீன் குழம்பில் போடுவார்கள். அதன் சாற்றைக் குடித்தால் கொலஸ்டிரால் கரையும் என்று யாரோ கிளப்பி விட, சிலர் டம்ளர் டம்ளராகக் குடித்தார்கள். சிறுநீரகம் திடீரென்று நின்று போய் ஆஸ்பத்திரிக்கு வந்த 10 பேரைப் பற்றி டாக்டர்கள் 2013-ம் ஆண்டில் எழுதினார்கள். அந்தச் சாற்றில் மண்டிக் கிடக்கும் ஆக்ஸாலிக் அமிலம், சிறுநீரகக் குழாய்களில் படிகமாக உறைந்து அடைத்துக் கொண்டு விட்டது. அளவுக்கு மீறி விழுங்கும் வைட்டமின் "சி" மாத்திரையும் உடம்பில் இதே ஆக்ஸாலிக் அமிலமாகத்தான் ஒரு பங்கு மாறுகிறது. "துருவைத் தடுக்கும்" என்று லேபிள் ஒட்டிய டப்பாக்களை விலை கொடுத்து வாங்குகிற சிறுநீரக நோயாளிகள், வாங்குவதற்கு முன் தங்கள் டாக்டரிடம் அந்த டப்பாவைக் காட்டுவது நல்லது.

விறகைக் குறைத்தவர்கள்

பறந்த பொறியைத் துரத்திப் பிடிக்கப் போனவர்கள் தோற்றார்கள். அடுப்பிலிருந்து விறகை இழுத்தவர்கள் ஜெயித்தார்கள்.

பிரேஸில் நாட்டில் ஜரராக்கா என்று ஒரு விரியன் பாம்பு. கடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். 1965-ம் ஆண்டில் செர்ஜியோ ஃபெரைரா என்ற விஞ்ஞானி அதன் விஷத்திலிருந்து பிரித்த பொருளே வழிகாட்டியாக அமைந்து, ஆஞ்சியோடென்சின் ஊறாமல் தடுக்கும் காப்டோப்ரில் என்ற மாத்திரை பிற்பாடு உருவாயிற்று. சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் கெட்ட 409 பேரிடம் இதைச் சோதித்த முடிவு 1993-ம் ஆண்டில் வெளிவந்தது. மரணம், டயாலிஸிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு ஆளாகும் அபாயம் பாதியாகக் குறைந்தது. வடிகட்டியின் மேல் உள்ள அழுத்தத்தைத் தணிப்பதோடு, தனிக்கட்டைகளை உற்பத்தி செய்யும் என்ஸைமை எழுப்புகிறவனையே இது கட்டிப் போட்டு விடுகிறது. இந்த இனத்து மருந்துகள்தான் சிறுநீரக வைத்தியத்தின் அடித்தளமாக இருந்து வருகின்றன.

மற்றொன்று ஆப்பிள் மரப் பட்டையில் பிறந்தது. அந்தப் பட்டையிலிருந்து 1835-ம் ஆண்டில் ஐரோப்பிய ரசாயன நிபுணர்கள் எடுத்த ஃப்ளோரிஸின் என்ற கசப்புப் பொருளைச் சாப்பிட்டால், சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது. வடிகட்டிய சர்க்கரையையும் உப்பையும் திரும்ப இழுக்கும் வேலையை அது பாதியில் நிறுத்தி விடுகிறது. வெகு காலம் இது ஆராய்ச்சிக்கூட வேடிக்கையாகவே இருந்தது. அதன் வழியில் உண்டாக்கிய டபாக்ளிஃப்ளோசின் என்ற மருந்தை 4,304 சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2020-ம் ஆண்டில் வந்த முடிவு, மருந்து சாப்பிடாதவர்களில் நூற்றுக்கு 14.5 பேருக்கு நோய் முற்றியது அல்லது மரணம் நேர்ந்தது, சாப்பிட்டவர்களில் 9.2 பேருக்கு. சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்கும் இது பலித்தது. காரணத்தை ஆராய்ந்தவர்கள் சொல்வது: திரும்ப இழுக்கும் உழைப்பு குறைகிறது, ஆகவே பிராணவாயுச் செலவு குறைகிறது, ஆகவே பொறியும் குறைகிறது.

மருந்து எது, எவ்வளவு என்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. உப்பைக் குறைப்பது, புகையிலையை விடுவது, கடையில் கிடைக்கும் வலி மாத்திரைகளை நாட்கணக்கில் விழுங்காதிருப்பது ஆகியவை மட்டும் யாருடைய சீட்டும் இல்லாமல் செய்யக் கூடியவை.

இவை எல்லாம் பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நோய் இருப்பது முதலில் தெரிய வேண்டும். சிறுநீரகம் பாதிக்கு மேல் கெடும் வரையில் வலியும் இல்லை, வேறு அறிகுறியும் இல்லை. 1827-ம் ஆண்டில் லண்டன் நகரத்தில் ரிச்சர்டு பிரைட் என்ற டாக்டர், நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுவர்த்தியில் காட்டி, முட்டையின் வெள்ளைக் கரு போல அது திரைவதைக் கொண்டு நோயைக் கண்டார். கசிந்த புரதம்தான் அப்படித் திரைந்தது. இருநூறு வருஷம் ஆகியும், நோயை ஆரம்பத்திலேயே காட்டிக் கொடுக்கும் சாட்சிகளில் முக்கியமானது அந்தப் புரதம்தான்.

சென்னையில் சிறுநீரக வைத்தியத்துக்குப் பேர்போன டாக்டர் எம். கே. மணி, 1990-களின் பிற்பகுதியில் இதைக் கிராமத்துக்குக் கொண்டு போனார். அவரது கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னையை அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 பேரை வீடு வீடாகச் சோதித்தது. அதற்குப் பெரிய படிப்புப் படித்தவர்கள் தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களே போதும். கொதிப்பு கண்டவர்களுக்கும் சர்க்கரை கண்டவர்களுக்கும் மிக மலிவான பழைய மருந்துகளே கொடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கும் ரெஸர்பின். நாகரிக ஆஸ்பத்திரிகள் மறந்தே போன மருந்து. தலைக்கு வருஷத்துக்கு அரை டாலர்கூடச் செலவாகவில்லை. சில வருஷம் கழித்துப் பக்கத்தில் இத்திட்டம் எட்டாத கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிறுநீரகத்தின் சக்தி குறைந்தவர்கள் இங்கே அங்குள்ளதில் பாதிகூட இல்லை.

அந்தப் பெண்கள் கொண்டு போன சாமான்கள், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கண்ணாடிக் குழாய்கள், இரண்டு மருந்துப் புட்டிகள். சிறுநீரில் ஒரு புட்டியிலிருந்து சில துளிகள் விட்டார்கள். தெளிவாகவே இருந்தால் அடுத்த வீடு. பால் கலந்தது போலக் கலங்கினால், பெயரைக் குறித்துக் கொண்டு, டாக்டர் வரும் நாளைச் சொல்லி விட்டுப் போனார்கள்.